எலுமிச்சை உப்பும் ஒரு டப்பா பழைய போல்ட்டும்

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றும் இரசாயனக் கடையில் சிட்ரிக் அமிலம் என்றும் விற்கப்படும் வெள்ளைத் தூளை, துருவேறிய நட்டு போல்ட்டுகளை மீட்டெடுக்கும் வேலைக்குக் கடந்த எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தத் தூளைப் பற்றிய மதிப்புரை இது. 260 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ பொட்டலத்தில் இன்னும் கால் பங்கு மீதமிருக்கிறது. இதுவரை ஏறத்தாழ 180 போல்ட்டுகளும் அதைவிடச் சற்றுக் கூடுதலான நட்டுகளும் அதில் ஊறி வெளியே வந்திருக்கின்றன. இதே வேலைக்கு வினிகர், கழிவறை ஆசிட், புட்டியில் விற்கும் துருநீக்கி, மொலாசஸ் எனும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, பேட்டரி சார்ஜர் என்று பலவற்றையும் முன்னர் முயன்று பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா ஓட்டிய 1978-ஆம் ஆண்டு புல்லட்டைப் பிரித்தபோது இந்த வேலை தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, வண்டியின் வடிவத்தோடு அதன் போல்ட்டுகளின் திருகு மரைகளும் கப்பலேறி வந்து சேர்ந்தன. பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் செய்யப்பட்ட காலத்திலும் அந்த மரைகள் நெடுநாள் மாறவில்லை. நம்மூர்ப் பட்டறைகளில் போல்ட்டை நூல் கணக்கில் சொல்வார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆகவே கால் அங்குலம் இரண்டு நூல், 5/16 அங்குலம் இரண்டரை நூல், 3/8 அங்குலம் மூன்று நூல். இரண்டரை நூல் போல்ட் என்று கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்து நீட்டுவார். ஆனால் அதே இரண்டரை நூலில் விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் மரை என்றால் அங்குலத்துக்கு 18 சுற்று, பி.எஸ்.எஃப். எனும் பிரிட்டிஷ் நுண்மரை என்றால் 22, சைக்கிள் மரை எனும் இன்னும் நெருக்கமான பிரிட்டிஷ் மரை என்றால் 26. பழைய புல்லட்டில் இந்த மூன்றும் கலந்தே இருக்கின்றன.

இன்று கடைகளில் குவிந்து கிடப்பவை மெட்ரிக் போல்ட்டுகள். எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டுக்கும் 7.94 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டரை நூல் போல்ட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மெட்ரிக் போல்ட்டில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், சைக்கிள் மரையில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கையால் திருகினால் இரண்டு சுற்று இறங்கும், பிறகு இறுகும், துருதான் காரணம் என்று நினைத்து ஸ்பேனரை வைத்து அழுத்தினால் உள்மரை மொத்தமும் அரைபட்டுவிடும். அலுமினியத்தில் வெட்டிய உள்மரை என்றால் அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஒரு பழைய வண்டியிலிருந்தோ பம்ப்செட்டிலிருந்தோ கழற்றிய போல்ட்டை, அது எத்தனை மோசமாகத் தோன்றினாலும், பார்த்தவுடன் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. அந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் மரை அதில்தான் இருக்கிறது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்து சைக்கிள் மரைப் போல்ட்டுகள் சிலவற்றைத் தேடிப் பிடித்தேன். அவையும் வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய, இதே அளவு துருவேறிய போல்ட்டுகளாகவே இருந்தன.

எலுமிச்சை உப்பு என்று பெயர் இருந்தாலும் இன்று கிடைக்கும் தூளில் எலுமிச்சைக்குப் பங்கில்லை. 1784-இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் இதை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1917-இல் ஜேம்ஸ் கரி என்பவர், அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை சர்க்கரையை உண்டு இந்த அமிலத்தை ஏராளமாகச் சுரக்கும் என்று கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலைகள் அந்த வழிக்கு மாறின. குறைந்த விலைக்குக் கிலோ கணக்கில் வாங்க முடிவது அந்தப் பூஞ்சையின் உபயம். ஜாமுக்கும் குளிர்பானத்துக்கும் புளிப்பேற்றுவது இதே பொருள்தான். அனல் மின் நிலையங்களின் கொதிகலன் குழாய்களில் படிந்த இரும்பு ஆக்சைடை நீக்குவதற்கும் அமோனியாவோடு சேர்த்து இதைப் பயன்படுத்துகிறார்கள். துருவைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த இரும்பை நண்டு கொடுக்கால் பற்றுவதுபோலப் பற்றிக்கொண்டு, மீண்டும் உலோகத்தின் மேல் படியவிடாமல் வைத்திருப்பது இந்த அமிலத்தின் சிறப்பு. வெறும் புளிப்பு மட்டும் போதுமென்றால் வேறு எத்தனையோ அமிலங்கள் இருக்கின்றன.

இனி வேலை முறை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். புல்லட்டின் அடிப்பகுதியில் இருந்த போல்ட்டுகளில் துருவின் மேல் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தாரைப்போல இறுகியிருந்தன. அப்படியே அமிலத்தில் போட்ட முதல் தவணை, மறுநாள் காலையில் போட்டபடியே இருந்தது. தண்ணீரில் கலந்த அமிலம் எண்ணெயைத் தாண்டி இரும்பைத் தொடவே முடியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தவணையையும் ஓர் இரவு டீசலில் ஊறவைத்து, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு அலசிய பின்னரே அமிலத்தில் இறக்குகிறேன். உதிரும் துருவை இந்தக் கட்டத்திலேயே தட்டி உதிர்த்துவிட்டால் அமிலம் மிச்சமாகும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் தூள் போதுமானது. பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது. நான் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களைப் பயன்படுத்துகிறேன். போல்ட்டுகளைக் குவியலாகப் போட்டால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் துரு அப்படியே தங்கிவிடும் என்பதால், தூண்டில் நரம்பில் ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. செம்புக் கம்பியில் கட்டக் கூடாது. கரைசலுக்குள் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு வேகமாக அரிக்கும். நட்டுகளைக் கோத்துக் கட்டும்போது அவற்றுக்கிடையே சிறு முடிச்சு போட்டுவிட்டால் உள்மரை வரை அமிலம் தாராளமாகச் சென்று வரும். வெதுவெதுப்பான நீரில் வேலை விரைந்து நடக்கும். மே மாதத்து மொட்டை மாடியில் மூன்று மணி நேரத்தில் முடிந்த தவணை, டிசம்பரில் வீட்டுக்குள் வைத்தபோது இரவு முழுவதும் எடுத்துக்கொண்டது.

பின்சக்கர மட்கார்டைத் தாங்கும் ஒரு போல்ட்டை மட்டும் தனியாக ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு அருகிலிருந்து கவனித்தேன். அதன் தலை ஆறு முனைகளும் மழுங்கி, பிசுபிசுத்த வெல்லக்கட்டியைப்போல இருந்தது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நிகழவில்லை. பிறகு மரையின் பள்ளங்களிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அரை மணி நேரத்தில் போல்ட்டின் உடல் முழுவதும் பனித்துளி போர்த்ததுபோல ஆயிற்று. தெளிவாக இருந்த நீர் இளமஞ்சளாகி, மாலைக்குள் பச்சை கலந்த பழுப்பாக மாறியது. இரவு பத்து மணிக்கு வெளியே எடுத்தபோது அது பளபளக்கவில்லை. கரி பூசியதுபோல ஒரு கறுப்புப் படலம் ஒட்டியிருந்தது. இந்தப் படலத்தைப் பார்த்து வேலை கெட்டுவிட்டதென்று பலர் நினைக்கக்கூடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓடும் நீரில் தேய்த்தால் அது மையைப்போல வழிந்தோடிவிடும். அதற்கடியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. தலையின் ஆறு முனைகளில் ஐந்து கூர்மையாகவே இருந்தன, தலையின் மேல் புடைப்பாக இருந்த மூன்று எழுத்துகளும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு படிக்கும்படி எழுந்து வந்தன. சுழலும் வயர் பிரஷ்ஷோ உப்புத்தாளோ போட்டிருந்தால் அந்த எழுத்துகள் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். அமிலத்துக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்ற பேதம் ஓரளவுக்குத்தான் தெரியும். துரு தீர்ந்த பிறகும் அதிலேயே கிடந்தால் இரும்பைத் தின்னத் தொடங்கும். வெளியூர்ப் பயணம் ஒன்றால் ஒரு தவணையை மூன்று நாள் ஊறவிட நேர்ந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பதினான்கு போல்ட்டுகளும் கருஞ்சாம்பல் நிறத்தில், விரல் நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருந்தன. அவற்றின் நட்டுகளைத் திருகினால் ஆட்டம் கண்டது. மரையின் உச்சி கரைந்துவிட்டிருந்தது. சைக்கிள் மரை மெல்லிய, ஆழம் குறைந்த மரை என்பதால் சிறிது கரைந்தாலும் பிடிப்பு போய்விடும். அந்தப் பதினான்கில் ஐந்து, வேறெங்கும் கிடைக்காத நீளம் கொண்டவை. அதற்குப் பிறகு 24 மணி நேரத்துக்கு மேல் எதையும் விடுவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, துலக்கி, தேவையென்றால் மீண்டும் இறக்குகிறேன்.

இதற்கு ஒரு நல்ல மாற்றும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் 40 கிராம் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், நுரைத்துப் பொங்கி அடங்கிய பிறகு கிடைக்கும் கரைசலில் புளிப்பு பெருமளவு தணிந்திருக்கும், இரும்பைப் பற்றும் திறனோ குறையாது. சோடாவை மொத்தமாகக் கொட்டினால் பாத்திரத்தை மீறிப் பொங்கும். வாளியில் கலப்பது பாதுகாப்பானது. ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கலவை சற்று மெதுவாக வேலை செய்கிறது, ஆனால் நல்ல இரும்பை மிகக் குறைவாகவே தொடுகிறது. கறுப்புப் படலமும் குறைவு. மூன்று மாதங்களாக மரை மெல்லிய போல்ட்டுகள் அனைத்தையும் இந்தக் கலவையில்தான் ஊறவைக்கிறேன். தூள் இருமடங்கு செலவாகிறது என்பதைத் தவிர இதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அமிலத்திலிருந்து எடுத்த பிறகு வரும் அரை மணி நேரத்தை இந்த வேலையின் பாதி என்பேன். துரு நீங்கிய இரும்பு தோலுரித்த பழத்தைப்போல. காற்றும் ஈரமும் பட்டவுடன் கண்ணெதிரே இளஞ்செம்மை பூக்கும். முதலில் ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அதில் ஐந்து நிமிடம் போட்டு, மரைக்குள் தங்கியிருக்கும் அமிலத்தை முறிக்க வேண்டும். பிறகு அலச வேண்டும். சென்னையில் எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அதில் அலசிய தவணை துணியால் துடைத்து முடிப்பதற்குள் பழுப்பேறிவிட்டது. உப்பிலுள்ள குளோரைடு துருவுக்குத் தூண்டுகோல். இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துகிறேன். கொதிநீரிலிருந்து எடுத்த போல்ட் தன் சூட்டிலேயே சில நொடிகளில் உலர்ந்துவிடும் என்பதால் துடைக்க வேண்டிய தேவையும் இல்லை. சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் போட்டுவிட வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கடையில் கிடைக்கும் வினிகரில் அசெட்டிக் அமிலம் நான்கைந்து விழுக்காடுதான். லிட்டர் லிட்டராக வாங்க வேண்டும், வீடு முழுவதும் ஊறுகாய்ச் சாடியைத் திறந்ததுபோல நெடியடிக்கும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளியை இதற்கும் பரிந்துரைப்பவர்கள் உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேலோட்டமான துருவை எடுக்கவே செய்யும், ஆனால் மரையின் ஆழத்தில் சக்கை சிக்கிக்கொள்ளும். துலக்கும்போது சேர்க்கும் உப்பு மரைக்குள் தங்கினால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. மொலாசஸ் கரைசல் மிகவும் மென்மையானது, இரும்பைக் கெடுக்காது. இரண்டு மூன்று வாரம் காத்திருக்கவும், அது புளித்து எழுப்பும் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளவும் தயாராக இருப்பவர்கள் பெரிய உதிரிபாகங்களுக்குப் பயன்படுத்தலாம்.

கழிவறை ஆசிட்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பட்டறைகளில் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமான அது ஐந்து நிமிடத்தில் துருவை அழித்துவிடும் என்பது உண்மை. அதே வேகத்தில் இரும்பையும் அரிக்கும். அதன் ஆவி மூச்சுக்குழாயைச் சுடும். மூடிய அறையில் ஒருமுறை திறந்துவைத்தால் அங்கே தொங்கும் ஸ்பேனர்கள், துரப்பண ஊசிகள் எல்லாவற்றின் மேலும் ஒரு வாரத்தில் துரு பூத்துவிடும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. உள்மரை வெட்டும் டேப்புகளில் ஒரு முழுத் தொகுதியை இழந்தேன். அதைக் குளோரின் பிளீச்சுடன் கலக்க நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாரும் இந்த வேலைக்கு அதைத் தொட வேண்டாம்.

புட்டியில் வாங்கிய பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கி ஒன்றையும் பயன்படுத்தினேன். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி ஒரு சாம்பல் படலத்தை விட்டுச்செல்லும். வண்ணம் பூசப்போகும் தகட்டுக்கும் சட்டத்துக்கும் அது மிக நல்லது. ஆனால் அந்தப் படலம் மரைக்குள்ளும் படிகிறது. மெல்லிய மரையில் நட்டு பாதியில் இறுகி நின்றுவிட்டதால், அதை மீண்டும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சலவைச் சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜரை இணைத்துச் செய்யும் மின்முறையும் சிறந்ததுதான். நல்ல இரும்பு சற்றும் கரைவதில்லை, ஆனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனியாகக் கம்பி இணைக்க வேண்டும் என்பதால் நூறு போல்ட்டுகளுக்கு அது கட்டுப்படியாகாது. அதைச் செய்பவர்கள் எதிர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டையோ கரண்டியோ பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சு. எவாப்போரஸ்ட் போன்ற நடுநிலைத் திரவங்கள் அமிலமே இல்லாமல் இரும்பு ஆக்சைடை மட்டும் பற்றுவதால் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானவை. ஒரு டப்பா போல்ட்டுக்கு அந்த விலை எனக்கு அதிகம். அரிய பொருள் ஒன்றென்றால் யோசிக்காமல் வாங்குவேன். டபிள்யூ.டி.-40-ஐப் பலர் துருநீக்கி என்றே நம்புகிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அது உருவாக்கப்பட்டதே ஈரத்தை விரட்டுவதற்காகத்தான். பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் அதையே குறிக்கின்றன. உலர்ந்த போல்ட்டைப் பாதுகாக்க அது உதவும், ஏறிய துருவை எடுப்பது அதன் வேலையன்று.

எலுமிச்சை உப்பில் போடவே கூடாதவையும் இருக்கின்றன. தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த உயர்வலிமை போல்ட்டுகள் முதன்மையானவை. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி, குமிழியாக வெளியேறாமல் எஃகின் உள்ளே புகுந்துவிடும். சாதாரண 4.6, 8.8 போல்ட்டுகளை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. கடினமான எஃகோ அதனால் நொறுங்கும் தன்மை பெற்று, முடுக்கிச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, எவ்விதமான முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தெறித்துப் போகலாம். சுருள்வில்லும் ஸ்பிரிங் வாஷரும் இதே வகை. இவற்றைச் சுழலும் வயர் பிரஷ்ஷால் மட்டுமே சுத்தம் செய்கிறேன், அதுவும் கண்ணாடி அணிந்துதான். அந்தச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கம்பித் துணுக்கு கண்ணில் தைத்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. துத்தநாகப் பூச்சு நன்றாக இருக்கும் போல்ட்டை அமிலத்தில் போட்டால் சில நிமிடங்களில் பூச்சு கரைந்துவிடும். பழைய பிரிட்டிஷ் வாகனங்களின் போல்ட்டுகளில் மங்கிய வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ தெரியும் பூச்சு கேட்மியமாக இருக்கலாம். அது கடும் நஞ்சு என்பதால் தேய்க்கவோ சூடாக்கவோ அமிலத்தில் கரைக்கவோ கூடாது.

துரு போய்விட்டதாலேயே ஒரு போல்ட் வண்டிக்குத் தகுதியானதாகிவிடாது. துருவாக மாறிய இரும்பு போனது போனதுதான். எந்தத் தூளும் அதைத் திருப்பித் தராது. துரு நீங்கியபின்தான் குழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கழுத்து சிறுத்த போல்ட், தண்டில் ஆழமான குழி விழுந்த போல்ட், முனை மழுங்கி ஸ்பேனர் வழுக்கும் போல்ட் ஆகியவற்றை ஒதுக்கிவிடுகிறேன். மீதமுள்ளவற்றுக்கு ஒரு சோதனை உண்டு. நல்ல நட்டு ஒன்றை எடுத்து, எண்ணெய் தொட்டு, இரண்டு விரல்களால் மட்டும் மரையின் அடி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே தடுத்தால் முனை நசுங்கியிருக்கிறது. அதை, மரையைச் சீர்செய்யும் டை நட் போட்டுச் சரிசெய்யலாம். நடுவில் தடுத்தால் போல்ட் முன்பே அளவுமீறி முடுக்கப்பட்டு நீண்டிருக்கிறது என்று பொருள். அங்கே டையை ஓட்டினால் வழி விடும், ஆனால் அது உள்ள இரும்பையும் செதுக்கிவிட்டுத்தான் வழி விடும். அந்தப் போல்ட் குப்பைக்குரியது. டை போடும்போது மரையின் கோணமும் முக்கியம். விட்வொர்த்தும் பி.எஸ்.எஃப்.-உம் 55 பாகை. சைக்கிள் மரையும் மெட்ரிக்கும் 60 பாகை. மரை அளவி ஒன்றை வாங்கிக்கொள்வது இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு மிக அவசியம். எனக்கு அது 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பிரேக், ஸ்டியரிங், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் போல்ட்டுகளைச் சோதனையில் தேறினாலும் திரும்பப் போடுவதில்லை. நைலான் வளையமுள்ள பூட்டு நட்டுகளையும் அப்படியே.

என்னிடமிருந்த 240-க்கும் மேற்பட்ட போல்ட்டுகளில் ஏறத்தாழ 180 அமிலத்துக்கு வந்தன, அவற்றில் 131 தேறின. முதல் தேர்விலேயே கழிந்தவை ஏராளம் என்பதால் இந்த எண்ணிக்கை எனக்கு நிறைவளிக்கிறது.

மேற்பூச்சுக்கு அம்பத்தூர்ப் பக்கம் துத்தநாகப் பூச்சு போட்டுத்தரும் பட்டறைகள் இருக்கின்றன. மழையில் நனையும் இடத்துப் போல்ட்டுகளை அங்கேதான் கொடுத்தேன். இயந்திரத்தின் உட்பக்கம், எண்ணெய் படும் இடங்கள் ஆகியவற்றுக்குரியவற்றைக் கடுக்காய்ச் சாறு கொண்டு கறுப்பாக்கினேன். கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் டானின் நிறைந்திருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாகும். கடுக்காயையும் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் பயன்படுத்தியதும் இதே வினைதான். அருங்காட்சியகங்களில் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருட்களைப் பாதுகாப்பதற்கும் டானிக் அமிலம் பூசுவதுண்டு. வெதுவெதுப்பான சாற்றை எலுமிச்சை உப்பில் சுத்தமான போல்ட்டின் மேல் இரண்டு முறை தடவி உலரவிட்டு எண்ணெய் பூசினால், காக்கைச் சிறகின் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் கிடைக்கிறது. மரையின் அளவு மாறுவதில்லை. வெயில் மழைக்கு அது தாங்காது. நான்கு மாதமாக கிளட்ச் பக்கத்து மூடியில் இருப்பவை மட்டும் போட்டபடியே இருக்கின்றன.

திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போல்ட்டை முடுக்க நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி தலைக்கடியில் உராய்விலும், நாற்பது விழுக்காடு மரையின் உராய்விலும் செலவாகி, பத்து விழுக்காடு மட்டுமே இரண்டு பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசையாகிறது. துருவோடு இருந்தபோது கைக்குப் பழகிய முடுக்கை, சுத்தம் செய்து எண்ணெயிட்ட மரையில் அப்படியே கொடுத்தால், மிச்சமாகும் உராய்வு முழுவதும் போல்ட்டை இழுப்பதில் போய்விடும். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவை வைக்கும்போதும், அது உலர்ந்த மரைக்கா எண்ணெயிட்ட மரைக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை, கிடைக்கும் எளிமை, கையாளும் பாதுகாப்பு, மரையைக் காக்கும் பண்பு ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால், ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் கொடுப்பேன். கவனிக்காமல் விட்டால் மரையைத் தின்னும் என்பதற்காக அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். கையுறை அணிவது நல்லது. கீறல் உள்ள விரலில் பட்டால் எரியும், அதற்கு மேல் தொல்லை இல்லை. பயன்படுத்திய கரைசலை ஆப்ப சோடாவால் முறித்து நிறையத் தண்ணீர் கலந்து சாக்கடையில் விடலாம், ஆனால் துத்தநாகமோ வேறு பூச்சோ கரைந்த கரைசலைச் செடிக்கோ மண்ணுக்கோ ஊற்றக் கூடாது. வாங்கும்போது நீரற்ற வகையா ஒருநீர் வகையா என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்கின்றன. மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடும் என்பதால் இறுக மூடிய புட்டியில் வைக்க வேண்டும். மீதமிருக்கும் கால் கிலோவை, அடுத்த மாதம் பிரிக்கப்போகும் எங்கள் கிணற்று மோட்டாரின் விட்வொர்த் போல்ட்டுகளுக்காக அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.